கவிஞருக்கு என்ன வயசு?

கேள்வி: எங்கள் ஐயாவுக்குக் கண்ணதாசன் என்றால் உயிர். கவிஞரின் நினைவு நாளான அக்டோபர் 17-க்கு அவர் படத்தை வரைந்து ஐயாவிடம் கொடுக்கலாம் என்று மூன்று தடவை பென்சிலில் வரைந்துவிட்டேன். கண், மூக்கு, வாய் என்று தனித்தனியாகப் பார்த்தால் சரியாக இருக்கிறது, ஜாடை மட்டும் வரவே இல்லை. ஐயா பார்த்துவிட்டு, "யாரோ நம்ம பங்காளி மாதிரி இருக்காகளே" என்கிறார். கடைசியாக வரைந்ததை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு?
- ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஐயா சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. கவிஞரும் சிறுகூடல்பட்டியில் பிறந்த நகரத்தார் வீட்டுப் பிள்ளைதானே, தேடிப்போனால் பங்காளி முறை வந்தாலும் வரும்!

சரி, படத்துக்கு வருவோம். இதில் ஒரு கண்ணதாசன் இல்லை, மூன்று பேர் இருக்கிறார்கள். கன்னமும் தாடையும் 1950-களில் திராவிட இயக்க மேடைகளில் பேசிக்கொண்டிருந்த இளைஞருடையவை. நெற்றியில் பொட்டு அந்த இளைஞரிடம் கிடையாது, அது ஆன்மிகத்துக்குத் திரும்பிய பிறகு வந்தது. கழுத்துச் சுருக்கம் நீங்களாகச் சேர்த்தது, அநேகமாக உங்கள் ஐயாவுடையது! கவிஞர் பிறந்தது 1927 ஜூனில், சிகாகோவில் இறந்தது 1981-ல். வெறும் 54 வயசு. உங்கள் ஐயா இப்போது அவரைவிட மூத்தவராகத்தான் இருப்பார். ஆனால் சின்ன வயதிலிருந்தே "கவிஞர், கவிஞர்" என்று ஐயா மரியாதையோடு சொல்வதைக் கேட்டு வளர்ந்ததால், உங்கள் கை அவரைத் தாத்தாவாக்கிவிட்டது.

அதனால் முதலில் எந்த வயசுக் கவிஞர் என்று முடிவு பண்ணுங்கள், ஐயாவிடமே கேட்கலாம். அந்த வயதுப் போட்டோ ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, இது கண், இது மூக்கு என்ற நினைப்பே இல்லாமல் இருட்டும் வெளிச்சமும் எந்த வடிவத்தில் கிடக்கின்றன என்று மட்டும் பார்த்து வரையுங்கள். இமை முடியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பழைய பத்திரிகைப் படம் என்றால் பாதி நிழல் அச்சிலேயே போயிருக்கும். அப்போது வீட்டில் ஐம்பது வயதுக்காரர் யாரையாவது வளவில், முற்றத்து ஓரமாக உட்காரவைத்துப் பாருங்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் புருவத்துக்கும் மூக்குக்கும் கீழே நிழல் எப்படி மடிகிறது என்பது நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, கையில் பேனாவைக் கொடுத்து எதையோ எழுதுகிற மாதிரி வரைந்திருக்கிறீர்கள். எழுத்தாளர் என்றாலே எல்லோரும் அப்படித்தான் வரைகிறார்கள். ஆனால் அவர் பாட்டைச் சொல்லச் சொல்ல, பஞ்சு அருணாசலம் போன்ற உதவியாளர்கள்தான் எழுதிக்கொள்வார்கள். பேனாவை எடுத்துவிட்டு, அடுத்த வரியைச் சொல்லப்போகிற மாதிரி உதட்டை லேசாகப் பிரித்துவிடுங்கள். நம் வீட்டு வளவில் மாட்டியிருக்கும் பழைய படங்களில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருப்பார்களே, அந்த வரிசையில் கவிஞரையும் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டாம்.

கேள்வி: போட்டோ மேல் தாள் வைத்து அச்செடுத்து வரைவது ஏமாற்று வேலையா?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: ஏமாற்று இல்லை. ஆனால் கோடு மட்டும்தான் கிடைக்கும், முகம் கிடைக்காது. முதல் படத்துக்கு அப்படிச் செய்துகொள்ளுங்கள், இரண்டாவதற்குப் போட்டோவிலும் தாளிலும் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து வரையுங்கள்.

கேள்வி: படம் வரைந்து முடித்துவிட்டேன். சட்டம் போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: கண்ணாடி பென்சில் படத்தைத் தொடக்கூடாது, நடுவே அட்டை கொடுத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் சுவர் ஓதம் காக்கும், அதனால் சட்டத்தின் பின்பக்கம் கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டு ஒட்டிவிட்டு மாட்டுங்கள். மாலை போட்டால் சாயங்காலமே எடுத்துவிடுங்கள், ஈரப் பூ சட்டத்துக்கு ஆகாது.