மாமியாரைப் பார்த்துப் பார்த்து மனசு மரத்துப்போச்சு, நான் கெட்டவளா?

கேள்வி: பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் மாமியாரை ஒன்றரை வருஷமாகப் பார்க்கிறேன், கோபிப் பக்கம். இப்போதெல்லாம் அவர் முனகினால் எரிச்சல்தான் வருகிறது. இது ஏன்?

பதில்:

முதல்ல ஒண்ணு கேக்கறேனுங்க. ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கறீங்க? நீங்க எழுதலை. மூணு தடவைக்குக் குறையாதுன்னு வெச்சுக்கறேன். அப்படின்னா எரிச்சல் வராம இருந்தாத்தான் அதிசயம். இதுக்கு இரக்கச் சோர்வுன்னு பேரு, ஓயாம பாத்துப் பாத்து இரக்கமே வத்திப் போறது. 1992லயே நர்ஸ்களைப் பத்தி கார்லா ஜாய்ன்சன் இதை எழுதியிருக்காங்க. சம்பளம் வாங்கி, ஷிப்ட் முடிஞ்சா வீட்டுக்குப் போறவங்களுக்கே வர்றது இது. உங்களுக்கு ஷிப்டே முடியறதில்லை.

அதனால ராத்திரியைத்தான் முதல்ல சரி பண்ணணும். படுக்கைப்புண் வராம இருக்க 2 மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பணும்னு சொல்லியிருப்பாங்க. பகல்ல அதை விடாதீங்க. ஏர் பெட் இருந்து, தோலும் நல்லா இருந்தா, ராத்திரி 4 மணி நேர இடைவெளி பல பேருக்குத் தாங்கும். நர்ஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுச் செய்யுங்க. இடுப்பெலும்பு, குதிகால் பக்கம் சிவந்திருந்தா விரலால அழுத்தி எடுங்க. அழுத்தின இடம் வெளுத்துட்டு மறுபடி சிவந்தா இன்னும் சமாளிக்கலாம். வெளுக்காம அப்படியே சிவப்பா நின்னா புண்ணு ஆரம்பிச்சாச்சு, இடைவெளியை உடனே குறைக்கணும்.

நர்ஸ் சரின்னுட்டா, ராத்திரி 10 மணிக்கு நீங்க திருப்புங்க, 2 மணிக்கு உங்க வீட்டுக்காரர், வெடியால 6 மணிக்கு மறுபடி நீங்க. ஒரேயடியா ஒருக்களிச்சுப் போடாம, முதுகுக்குப் பின்னால தலகாணி வெச்சு 30 டிகிரி சாச்சாப் போதும். கெண்டைக்காலுக்குக் கீழ இன்னொரு தலகாணி, குதிகால் மெத்தையில படக்கூடாது. திருப்பூர் கம்பெனியில நைட் ஷிப்ட்டுன்னு அவர் சொன்னா, லீவு நாள் ராத்திரி முழுக்க அவருதுதான்.

கட்டில்ல மேல ஏத்திப் படுக்க வைக்கறப்பக் கையைப் புடிச்சு இழுக்காதீங்க. வாதம் வந்த பக்கத்துத் தோள்பட்டை எறங்கிரும், உங்க இடுப்பும் போயிரும். பழைய நூல் சேலையை நாலா மடிச்சு, தோள்ல இருந்து தொடை வரைக்கும் அடியில போட்டு, ரெண்டு பேரா இழுங்க.

மனசுக்கு வர்றேன். "ஐயோ, எனக்கே இப்படி ஆனா"ன்னு அவங்க வலியை நம்ம மேல ஏத்திக்கிட்டா சீக்கிரம் வத்திருவோம். மூளை ஆராய்ச்சி பண்ற டானியா சிங்கர் குழுவோட ஆராய்ச்சி காட்டினது அதுதான்: அடுத்தவங்க வலியை அப்படியே உணர்றது ஆளைச் சோர்த்திருது, நல்லா இருக்கட்டும்னு நினைக்கிற கரிசனம் தாங்குது. முனகல் கேட்டா மூணு மட்டும் பாருங்க: ஈரமா, தாகமா, ஒரே பக்கம் படுத்த வலியா? செஞ்சுட்டு, தோள்ல ஒரு நிமிஷம் கையை வெச்சுட்டு வெளிய வந்துருங்க.

2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல நர்ஸும் பிசியோவும் வீட்டுக்கே வர்றாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதியுங்க. அவங்களை அடிக்கக் கை ஓங்குது, செத்துரலாம்னு தோணுதுன்னா தள்ளிப் போடாம டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416ல கூப்பிடுங்க. காசில்லை, தமிழ்லயே பேசலாம், எந்நேரமும் எடுப்பாங்க.

"அந்தக் காலத்து மருமகளுக எல்லாம் பாக்கலையா"ன்னு கேக்க ஒருத்தர் வருவார். அந்த வீட்டுல ஆறு சோடிக் கை இருந்துச்சுங்க.

கடைசியா இந்த ஒறம்பரை. ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்து, உங்க கையால காப்பி குடிச்சுட்டு, "அம்மா எளைச்சுப் போச்சே"ன்னு உங்களைப் பாத்துச் சொல்லிட்டுப் போற கூட்டம். சும்மா "ஒத்தாசை பண்ணுங்க"ன்னா தலையாட்டிட்டுப் போயிருவாங்க. நாளும் மணியும் சொல்லிக் கேளுங்க: "ஞாயித்துக்கிழமை 10ல இருந்து 1 வரைக்கும் நீங்க இருங்க, 12 மணிக்கு ஒருக்கா திருப்பணும்." எப்படித் திருப்பறதுன்னு முதல் நாள் கூட நின்னு காட்டுங்க. அந்த மூணு மணி நேரத்துல துணி ஊற வெச்சா உங்களை நான் மன்னிக்க மாட்டேன். அம்மா வீட்டுக்குப் போங்க, இல்லாட்டி கதவைச் சாத்திட்டுத் தூங்குங்க.