ரிமோட் கார் பந்தயமும் பிள்ளைகளும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. வெளிநாட்டிலிருந்து வந்த அவன் மாமா 1/8 அளவு நைட்ரோ பக்கி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு அதையே கொண்டு போகலாமா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: வேண்டாம் அம்மா. அதைப் பெரியவர்கள் யாராவது ஓட்டட்டும். எரிபொருள் எஞ்சினில் ஓடும் அந்த வண்டி, நிஜ வண்டியின் எட்டில் ஒரு பங்கு அளவுதான் என்றாலும், மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும். நேர்ப் பாதையில் 60 கிலோமீட்டர் வேகத்தைச் சுலபமாகத் தாண்டும். ஒன்றரை கிலோ எடையுள்ள 1/10 மின்சார கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் காலில் மோதுவதோடு ஒப்பிட்டால், இதன் மோதலில் ஐந்து மடங்கு ஆற்றல் இருக்கிறது. எடை இரு மடங்குக்கு மேல். வேகமோ அதன் வர்க்கத்தில் கணக்காகிறது. போதாததற்கு சைலன்சர் தொட்ட இடத்தைச் சுட்டுவிடும். எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். கொஞ்சம் உள்ளே போனாலும் பார்வையையே பறிக்கக்கூடிய விஷம் அது. அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். கடையில் வாங்கிய டப்பாவிலேயே, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

பையனுக்கு 1/10 மின்சார கார், 540 அளவு பிரஷ் மோட்டார், ஆறு செல் உள்ள 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி போதும். அதன் வேகத்தையும் பாதியாகக் குறைக்கலாம். டிரான்ஸ்மிட்டர் (கையில் பிடிக்கும் ரிமோட்) மெனுவில் திராட்டிலின், அதாவது வேகம் கொடுக்கும் விசையின், கடைசி எல்லையை 100-லிருந்து 50 சதவீதத்துக்கு இறக்குங்கள். பிரேக்கின் எல்லையில் கை வைக்காதீர்கள், அது 100-லேயே இருக்கட்டும். இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எல்லையைக் குறைத்த பிறகு, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் கண்ட்ரோலரை காலிபிரேட் செய்தால் (விசையின் எல்லைகளை அதற்குப் பதிவு செய்தால்), அது அந்த 50-ஐயே முழு வேகம் என்று பதிவு செய்துகொள்ளும். கார் பழைய வேகத்திலேயே பறக்கும். முதலில் 100-ல் வைத்து காலிபிரேட் செய்துவிட்டு, அப்புறம் குறையுங்கள். சரியாக வந்ததா என்று பார்க்க 20 மீட்டர் அளந்து கோடு போட்டு, ஓடி வரும் காரைக் கடக்கவிடுங்கள். ஐந்து விநாடி பிடித்தால் வேகம் சுமார் 14 கிலோமீட்டர். முதல் மாதத்துக்கு அதுவே தாராளம்.

டிராக்கில் இறக்குமுன் ஃபெயில்சேஃபையும், அதாவது சிக்னல் போனால் காரை நிறுத்தும் ஏற்பாட்டையும், சோதியுங்கள். சக்கரங்கள் தரையில் படாதபடி காரை ஸ்டாண்டில் வைத்து, லேசாக திராட்டில் கொடுத்தபடியே டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். சக்கரம் உடனே நிற்க வேண்டும். சில ரேடியோக்கள், பைண்ட் செய்யும் (டிரான்ஸ்மிட்டரையும் காரையும் இணைக்கும்) நேரத்தில் விரல் எந்த நிலையில் இருந்ததோ அதையே ஃபெயில்சேஃபாக எடுத்துக்கொள்ளும். விசையை அழுத்தியபடி பைண்ட் செய்திருந்தால், சிக்னல் போன நொடியில் கார் நிற்காது, பாயும். விசையை விட்டுவிட்டு மறுபடி பைண்ட் செய்தால் சரியாகிவிடும். இன்னொன்றை முதல் நாளே பழக்குங்கள்: போடும்போது டிரான்ஸ்மிட்டர் முதலில், அணைக்கும்போது கார் முதலில்.

கேள்வி: கார் கவிழ்ந்தால் பிள்ளைகள் அப்படியே டிராக்குக்குள் ஓடிவிடுகிறார்கள். கத்தினாலும் நிற்பதில்லை. என்ன செய்வது? (கிளப் அமைப்பாளர், வேளச்சேரி)

பதில்: கத்துவதால் பயன் இல்லை. கவிழ்ந்த காரை நிமிர்த்த யாரும் இல்லையென்றால், அதன் சொந்தக்காரப் பிள்ளை ஓடத்தான் செய்யும். டிராக்கில் மார்ஷல்கள், அதாவது கவிழ்ந்த காரை நிமிர்த்துகிறவர்கள், நிற்கிறார்கள், தன் காரை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை வந்தால் பிள்ளை ஓட்டுநர் மேடையிலேயே நிற்கும். எனவே முந்தைய ஹீட்டில் (பந்தயச் சுற்றில்) ஓட்டியவர்கள் அடுத்த ஹீட்டுக்கு மார்ஷல் என்ற வழக்கமான விதியைக் கறாராக வையுங்கள். எல்லா இடத்திலும் மார்ஷல் நிற்கும்வரை ஹீட்டைத் தொடங்காதீர்கள்.

பிள்ளைகளையும் மார்ஷலாக்கலாம், ஆனால் பயிற்சி கொடுத்து. எங்கள் கணக்கு இது: பத்து வயதுக்குக் கீழே யாரும் டிராக்கைச் சுற்றிய வலைக்கு உள்ளே வரக் கூடாது. பத்து முதல் பதின்மூன்று வரை, ஒரு பெரியவரோடு ஜோடியாக, வேகம் குறைத்த ஜூனியர் ஹீட்டுகளில் மட்டும். மூடிய ஷூ கட்டாயம். செருப்போடு வந்தால் அன்று மார்ஷல் வேலை கிடையாது. துப்பட்டா, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, விரித்த கூந்தல் எல்லாம் காரைத் தூக்கக் குனியும்போது ஸ்பர் கியரில் (மோட்டார் சுழற்றும் பல்சக்கரத்தில்) மாட்டும். முடிந்து கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

நிற்கும் இடத்தைத் தரையில் பெயின்ட்டால் வட்டமிட்டு எண் கொடுங்கள். ‘மூணாம் நம்பர் உன்னோடது’ என்றால் பிள்ளை அங்கேதான் நிற்கும். வட்டம் நேர்ப் பாதை முடிகிற இடத்தில் இருக்கவே கூடாது. பிரேக் பிடிக்காத கார், ரேடியோ விட்டுப்போன கார் எல்லாம் வந்து சேரும் இடம் அதுதான். பிள்ளைகளை மெதுவான உள்வளைவுகளில் நிறுத்துங்கள்.

கற்றுக்கொடுக்க வேண்டியது இவ்வளவுதான். முகம் எப்போதும் கார்கள் வருகிற திசையைப் பார்த்திருக்க வேண்டும். பந்தயத்தை வேடிக்கை பார்க்கத் திரும்பக் கூடாது. கார் கவிழ்ந்தால் முதலில் அதைப் பார்க்காதே, எதிரே வருவதைப் பார். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் வருகிறது. போய் எடுத்துத் திரும்ப நான்கு விநாடி ஆகும் என்றால், 45 மீட்டருக்குள் வேறு கார் வரக் கூடாது. சின்ன டிராக்கில் அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் ஜூனியர் ஹீட்டில் வேகம் குறைக்கச் சொல்கிறோம். காரைச் சக்கரத்தில் பிடிக்காமல் நடுவில், பாடியோடு சேர்த்துத் தூக்க வேண்டும். ஓட்டுகிறவர் பதற்றத்தில் திராட்டிலை அழுத்தினால் சக்கரம் விரலைச் சிராய்த்துவிடும். உடைந்த லெக்ஸான் (பிளாஸ்டிக்) பாடியின் விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும், ஆகவே மெல்லிய தோட்டக் கையுறை ஒரு ஜோடி அவசியம். கவிழ்ந்த இடத்திலேயே, ஓரமாக, போகிற திசையில் வைத்துவிட்டு வெளியே வா. நிமிர்த்தியும் ஓடவில்லையா, தூக்கிக்கொண்டு வந்துவிடு. உள்ளே குந்தி உட்கார்ந்து ரிப்பேர் பார்க்காதே.

ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு விதி வேண்டும்: மார்ஷல் கை காரை விட்டு விலகும்வரை விசையைத் தொடக் கூடாது. மீறினால் ஒரு லேப் (டிராக்கை ஒருமுறை சுற்றுவது) குறைப்பு. பெரியவர்களுக்குத்தான் இதை முதலில் அமல்படுத்த வேண்டும்.

கேள்வி: ஓட்டுநர் மேடையில் குள்ளமான பிள்ளைக்குக் கைப்பிடிக் கம்பி கண்ணை மறைக்கிறது. ஸ்டூல் போடலாமா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: கூடாது. ஸ்டூல் மேல் ஏறினால் கம்பி இடுப்புக்குக் கீழே போய்விடும். காரோடு சேர்ந்து உடம்பும் சாயும்போது பிள்ளை குப்புற விழும். மேடைக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஜூனியர் மேடை ஒன்று தனியாகப் போடுங்கள். டிராக்கின் மறுகோடி தெரியவில்லையென்றால் ஜூனியர் ஹீட்டை டிராக்கின் பாதியில் நடத்துங்கள்.

கேள்வி: பையன் பள்ளி விட்டு வந்ததும் தானே லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை சார்ஜில் போட்டுவிடுகிறான். ஒரு பேட்டரி அப்பளம் மாதிரி உப்பியிருக்கிறது. இன்னும் ஓடத்தான் செய்கிறது. பயன்படுத்தலாமா? (வாசகர், ஆவடி)

பதில்: இன்றோடு நிறுத்துங்கள். உப்பியிருப்பது உள்ளே வாயு சேர்ந்திருப்பதன் அடையாளம். அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். காய்ந்த மணல் நிரப்பிய மண்பானையில் புதைத்து, பால்கனியில், எரியக்கூடிய பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். பிறகு மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும்.

ஏன் உப்பியது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்ததும் உப்பும். ஸ்பீட் கண்ட்ரோலரில் பேட்டரி வகை ‘நிக்கல்’ என்றே இருந்திருக்கலாம். அப்போது வோல்டேஜ் இறங்கினாலும் அது காரை நிறுத்தாது. செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கெடும். ‘லிப்போ’ என்று மாற்றுங்கள். சார்ஜரிலும் இதே தவறு நடக்கிறது, அங்கே அது நேரடியாகத் தீயில் முடியும். நிக்கல் முறையில் சார்ஜர் செல்லுக்கு 4.2 வோல்ட்டில் நிறுத்தாது, ஏற்றிக்கொண்டே போகும். லிப்போவை, எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் முறையில், சின்ன வெள்ளை பிளக்கையும் செருகி, 5000 எம்.ஏ.எச். கொள்ளளவுள்ள பேட்டரிக்கு 5 ஆம்பியருக்கு மிகாமல் ஏற்றுங்கள். ஓட்டி முடித்த சூட்டோடு போட வேண்டாம், கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். வாரக்கணக்கில் வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்திவையுங்கள். ஏப்ரல், மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரிப் பையை விட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போகக் கூடாது; வண்டியின் உள்சூடு 60 டிகிரியைத் தாண்டும்.

பதினான்கு வயதுவரை சார்ஜர் பெரியவர் பொறுப்பில் இருக்கட்டும். ஆனால் பையனை விரட்டிவிடாதீர்கள். வகை, செல் எண்ணிக்கை, ஆம்பியர் மூன்றையும் அவன் வாசித்துச் சொல்ல, நீங்கள் சரிபார்த்து பட்டனை அமுக்குங்கள். யாரும் இல்லாத வீட்டில் சார்ஜ் ஓடவே கூடாது.

கேள்வி: கோடை விடுமுறையில் ஜூனியர் பயிற்சியை எத்தனை மணிக்கு வைப்பது? (வாசகி, மேடவாக்கம்)

பதில்: காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியுங்கள். கத்திரி வெயிலில் அதற்கு மேல் சிமென்ட் தரையில் பிள்ளைகளை நிறுத்த வேண்டாம். தொப்பியும், பந்தல் நிழலும், ஹீட்டுக்கு ஹீட் தண்ணீரும் வேண்டும்.

கேள்வி: பிள்ளையைக் கிளப்பில் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா? பிள்ளைகளின் படங்களையும் கிளப்பின் இணையப் பக்கத்தில் போடுகிறார்கள். (பெற்றோர், தாம்பரம்)

பதில்: பன்னிரண்டு வயதுவரை பெற்றோரோ, நீங்கள் எழுதிக்கொடுத்த ஒரு பெரியவரோ உடன் இருக்க வேண்டும் என்று கிளப்பே விதி வைப்பது நல்லது. எந்த வயதானாலும் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனி அறையிலோ வண்டியிலோ இருக்கக் கூடாது. ரிப்பேர் கற்றுத்தருவது திறந்த பிட் மேசையில்தான். பிள்ளையோடு தனியாக வாட்ஸ்அப்பில் பேசுவதும் வேண்டாம், பெற்றோர் உள்ள குழுவில் பேசட்டும். படத்துக்கு உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும். பெயரும் பள்ளிச் சீருடையும் சேர்ந்து வரக் கூடாது. ஏதாவது நெருடினால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். பாலியல் தொல்லை என்று சந்தேகம் வந்தால் காவல் துறைக்குத் தெரிவிப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். கிளப்புக்குள் பேசி முடித்துக்கொள்ள அதில் இடமில்லை.

கேள்வி: பதினோரு வயது மகள் கடைசியாக வந்தால் அழுகிறாள், ஆனால் கிளப்பை விடவும் மனமில்லை என்கிறாள். (வாசகர், அண்ணா நகர்)

பதில்: விடாமல் பிடித்திருக்கிறாளே, அதுவே பெரிய விஷயம். முதல் இடத்தை விட்டுவிட்டு அவள் லேப் நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிட ஹீட்டில் வேகமான லேப்புக்கும் மெதுவான லேப்புக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த இடைவெளி குறைந்தால் அவள் முன்னேறுகிறாள், எத்தனையாவதாக வந்தாலும் சரி. கிளப்பிடம் ‘கவிழாமல் ஓடிய அதிக லேப்’ என்றொரு பரிசு வைக்கச் சொல்லிப் பாருங்கள். வேகத்தைவிட நிதானத்தைச் சிறுவர்கள் இப்படித்தான் கற்கிறார்கள்.

ஓட்டாத நேரத்துக்கும் வேலை கொடுக்கச் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்த பிள்ளைதான் வலையைத் தாண்டும். ஹீட்டுக்கு முன் ஒவ்வொரு காரையும் சோதிப்பதை அவளிடமே விடலாம்: சக்கர நட்டுகள் நான்கும் இறுகியிருக்கின்றனவா, பாடி கிளிப்புகள் இருக்கின்றனவா, பேட்டரி ஒயர் சக்கரத்தில் உரசுகிறதா, கியர் மூடி இருக்கிறதா. பேட்டரி கழற்றிய காரில் மட்டுமே கை வைக்க வேண்டும். ஒயர் எப்படிப் போகிறது என்பதை அதைப் பொருத்திய பிறகு, கை வைக்காமல் பார்த்துக்கொள்ளலாம். அவள் டிக் போடாத கார் டிராக்கில் இறங்காது என்று அமைப்பாளர் அறிவித்துவிட்டால், பெரியவர்களும் அவள் மேசைக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். டயர் ஒட்டும் பசையும் சால்டரிங்கும் மட்டும் இன்னும் சில வருடம் போகட்டும்.