பல் பிடுங்குவதற்காக ஸ்டென்ட் மாத்திரையை நிறுத்தலாமா?

"அப்பாவுக்கு 62 வயது. மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்து ஏழு வாரம் ஆகிறது. கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டும். ரத்தம் நிற்காது, இரண்டு மாத்திரையையும் ஐந்து நாள் நிறுத்துங்கள் என்கிறார் பல் மருத்துவர். நிறுத்தலாமா?" என்று கேட்கிறார் ஒரு வாசகி.

நிறுத்தாதீர்கள், சகோதரி. இன்றைய மாத்திரையைக் கொடுத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

ஸ்டென்ட் என்பது இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஓர் உலோக வலைக்குழாய். ரத்தத்துக்கு அது அந்நியப் பொருள், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் உடனே போய் ஒட்டப் பார்க்கும். ரத்தக்குழாயின் உள்தோல் அதன்மேல் படர்ந்து மூட மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அந்த இரண்டு மாத்திரைகள், ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும்தான் காவல். காவல் போனால் ரத்தம் உறைந்து குழாய் திடீரென்று முழுசாக அடைத்துக்கொள்ளலாம். அது மறுபடியும் மாரடைப்பு, பலருக்கு முதலில் வந்ததைவிட மோசமானது. முதல் 30 நாள்தான் ஆபத்து அதிகம், ஆனால் அதோடு முடிவதில்லை. மாரடைப்பு வந்தவருக்கு இரண்டு மாத்திரையும் பொதுவாக 12 மாதம். பிறகும் ஆஸ்பிரின் தொடரும்.

ஒரு பல்லை மாத்திரை ஓடும்போதே எடுக்கலாம். பஞ்சைக் கடித்து அழுத்துவது, தேவைப்பட்டால் ஒரு தையல், அவ்வளவுதான். பல் மருத்துவரும் இதய மருத்துவரும் இரண்டு நிமிடம் போனில் பேசினால் தீர்கிற விஷயம். அதைச் செய்யாமல் நோயாளி கையில் சீட்டைக் கொடுத்து அலைய விடுகிறோம். டிஸ்சார்ஜ் சம்மரி பக்கம் பக்கமாக இங்கிலீஷில் இருக்கும். எந்த மாத்திரை எந்தத் தேதி வரை என்று தமிழில் ஒரு வரி இருக்காது.

ஒரு முறை ஒரு மகன் இரண்டு அட்டைகளை என் மேஜையில் வைத்தார். ஒன்று ஆஸ்பிரின் 75, இன்னொன்று க்ளோபிடோக்ரெல் 75. "ரெண்டும் எழுபத்தஞ்சுதானே, ஒரே மருந்துன்னு ஒண்ணை நிறுத்திட்டோம் டாக்டர்" என்றார். அப்பா அப்போது ஐசியூவில் இருந்தார்.

அதைவிட ஆத்திரம் வருவது, "டிரிப் ஏற்றி அடைப்பைக் கரைக்கிறோம், இங்கிலீஷ் மாத்திரையை விட்டுவிட்டு வாருங்கள்" என்று ஆள் பிடிக்கும் ஏஜென்ட்களைப் பார்த்தால்தான். அந்த டிரிப் ஸ்டென்ட்டுக்குக் காவல் இருக்காது. பணத்தையும் கொடுக்காதீர்கள், மாத்திரையையும் விடாதீர்கள்.

இந்த மாத்திரைகளால் வரக்கூடிய ஒன்றை மட்டும் விளக்கிச் சொல்ல வேண்டும். மலம் தார் மாதிரி கறுத்து, பிசுபிசுவென்று நாற்றத்தோடு போனால் வயிற்றில் ரத்தம் கசிகிறது என்று பொருள். இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் அதில் அந்த நாற்றமும் பிசுக்கும் இருக்காது. சந்தேகம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அப்போதும் மாத்திரையைக் குறைப்பதா, மாற்றுவதா என்பது இதய மருத்துவர் முடிவு, வீட்டில் முடிவெடுக்காதீர்கள்.

நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தால் வாயு என்று சோடா கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, "ஸ்டென்ட் வைத்து ஏழு வாரம்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.