சிறுநீர்ப் பரிசோதனைக் கடிதமும் தம்பியின் முதல் வேலையும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

பாடாங் செராய் தோட்டத்து வீட்டிலிருந்து தம்பி கூலிம் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகவிருக்கும் நேரத்தில், நியமனக் கடிதத்தோடு வந்த போதைப்பொருள் பரிசோதனைச் சம்மதப் படிவத்தைக் கண்டு, "என் பிள்ளையைச் சந்தேகப்படுகிறார்களா?" என்று கேட்டிருந்தீர்கள். புதிதாகச் சேரும் எல்லாருக்கும் இந்தப் படிவம் தரப்படுவதாகக் கடிதத்திலேயே இருப்பதால், அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருந்தாலும், படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடிய தாளும் அல்ல அது.

மலேசியாவில் தனியார் ஊழியரின் சிறுநீரைப் பரிசோதிப்பதற்கென்றே இயற்றப்பட்ட தனிச் சட்டம் கிடையாது. 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் சிறுநீர் கேட்கும் அதிகாரத்தைப் போலீசார் போன்ற அரசு அதிகாரிகளுக்குத்தான் தந்திருக்கிறது. தொழிற்சாலைக் காவலாளிக்கோ மேலாளருக்கோ தரவில்லை. நிறுவனத்தின் அதிகாரம் தம்பி கையெழுத்திடும் ஒப்பந்தத்திலிருந்தும், பாதுகாப்பான வேலையிடத்தை அமைத்துத் தரவேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் முதலாளிமீது சுமத்தும் கடமையிலிருந்தும் வருகிறது. வேலையிடத்தில் போதைப்பொருளைத் தடுக்க 2005இல் அரசு வெளியிட்ட நடைமுறைக் கோவை ஒன்றும் உண்டு. அது வழிகாட்டிதானே தவிர சட்டமல்ல. ஆகவே தம்பியின் கையைப் பிடித்து யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அவர் மறுத்தால் வேலை வாய்ப்பை அவர்கள் திரும்பப் பெறலாம். வேலையில் சேர்ந்தபின் மறுத்தால், நியாயமான உத்தரவை மீறினார் என்று நடவடிக்கையும் எடுக்கலாம்.

இனி, நீங்கள் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். கிளினிக்கில் முதலில் செய்வது பட்டை வைத்துப் பார்க்கும் விரைவுச் சோதனை. இந்தப் பட்டையில் இரண்டு கோடு தெரிந்தால் ஒன்றுமில்லை என்று பொருள். சோதனைக் கோடு தெரியாமல் போனால்தான் 'பாசிட்டிவ்'. கர்ப்பப் பரிசோதனைப் பட்டைக்கு இது நேர்மாறு. இரண்டு கோட்டைக் கண்டு வேலை போய்விட்டதென்று பயந்து, முடிவுக்குக்கூடக் காத்திருக்காமல் மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு திரும்பிய ஒரு பையனை எனக்குத் தெரியும். கோடைன் கலந்த இருமல் மருந்தும், சிலவகைச் சளி மாத்திரைகளும், நாம் குருமாவில் அரைத்துவிடும் கசகசாவும்கூட இந்த விரைவுச் சோதனையில் 'பாசிட்டிவ்' காட்டக்கூடும். எனவே சோதனைக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் கசகசாவைத் தவிர்த்துவிடுங்கள். தம்பி சாப்பிடும் மருந்துகளின் பெயர்களைச் சிறுநீர் கொடுப்பதற்கு முன்பே படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். முடிவு வந்தபிறகு சொன்னால் அது சாக்காகத்தான் காதில் விழும். ஜிசி-எம்எஸ் என்னும் கருவியைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் செய்யும் உறுதிச் சோதனை இல்லாமல், பட்டையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் படிவமாக இருந்தால் அதைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். போத்தலை மூடி முத்திரை ஒட்டுவது தம்பியின் கண்ணெதிரே நடக்கவேண்டும். அதன்மேல் எழுதியிருக்கும் ஐசி (அடையாள அட்டை) எண் சரிதானா என்று அவரே பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

ஒன்றைத் தயவு செய்து தம்பியிடம் தனியாகக் கேளுங்கள், அதட்டாமல். 2022இல் தாய்லாந்து கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகு, அந்நாட்டு நகரமான ஹட்யாய் போய்வந்த நம் பக்கத்துப் பையன்களில் சிலர் அதை விளையாட்டாக எண்ணிவிட்டார்கள். கஞ்சாவின் தடயம், வழக்கமாகப் புகைப்பவர் உடலில் வாரக்கணக்கில் தங்கும்; எந்த ஊரில் புகைத்தது என்று சோதனை பார்ப்பதில்லை. மலேசியாவில் போதைப்பொருளை உட்கொள்வதே குற்றம். அதற்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ விதிக்கப்படலாம்.

வேலையில் சேர்ந்தபின் ஒருநாள் 'பாசிட்டிவ்' என்று வந்தாலும் அன்றைக்கே வெளியே அனுப்பிவிட முடியாது. 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம், 14ஆம் பிரிவில், ஒழுங்கீனத்துக்காக நீக்குமுன் முறையான விசாரணை நடத்தச் சொல்கிறது. விசாரணைக்காக வேலையிலிருந்து நிறுத்தி வைப்பதானால் அது 2 வாரத்துக்கு மேல் போகக்கூடாது, அந்த நாள்களுக்கு அரைச் சம்பளமாவது கொடுக்க வேண்டும்; குற்றமில்லை என்று முடிந்தால் பிடித்த சம்பளத்தைத் திருப்பித் தரவேண்டும். நியாயமில்லாமல் நீக்கினார்கள் என்று தோன்றினால், 1967ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் மனுக் கொடுக்கலாம். தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும் இந்த வழி உண்டு. நம்மவர்கள் பலர் சம்பளப் பாக்கிக்குப் போகிற தொழிலாளர் இலாகா கவுண்டருக்கே இதற்கும் போய் நாளை வீணாக்கிவிடுகிறார்கள். இந்த மனு போகவேண்டிய இடம் ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசஹான் எனப்படும் தொழிலியல் உறவு இலாகா. வேலையில் சேருவதற்கு முன்பே வாய்ப்பைத் திரும்பப் பெற்றுவிட்டால் இந்தப் பாதுகாப்புகளை நம்பியிருக்க முடியாது என்பதால்தான், முதல் சோதனையில் இவ்வளவு கவனம் தேவை என்கிறேன்.

பரிசோதனை முடிவு உடல்நலம் பற்றிய தகவல். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை அந்தரங்கத் தரவாகக் கருதி, வெளிப்படையான சம்மதத்தைக் கேட்கிறது. தம்பியின் படிவத்தில் முடிவு யார் யாருக்குப் போகும், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்ற இடம் காலியாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை நிரப்பித் தரும்படி மனிதவளப் பிரிவுக்குத் தம்பியே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும். பதில் வந்தபின் கையெழுத்திடலாம், கையெழுத்திட்ட படிவத்தின் நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்கட்டும்.