குழி எடுக்கும் கருவி வாங்குமுன் குழிகளை எண்ணுங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். பண்ருட்டி பக்கம் 4 ஏக்கரில் முந்திரி வைத்திருக்கிறேன். 45 எச்பி டிராக்டர் இருக்கிறது, அதன் கடன் இன்னும் ஓடுகிறது. வயதான மரங்களை எடுத்துவிட்டு 1.5 ஏக்கரில் ஒட்டுக்கன்று நடப் போகிறேன். சுற்றிலும் வேலியும் போட வேண்டும். டிராக்டரில் மாட்டும் குழி தோண்டும் கருவி 1,10,000 ரூபாய் என்கிறார்கள். என் கையில் 30,000 இருக்கிறது. மீதி 80,000-க்கு கடைக்காரரே 12 சதவீத வட்டியில் 24 மாதக் கடன் ஏற்பாடு செய்கிறாராம். பழைய கருவி ஒன்றும் 55,000-க்கு வருகிறது. எங்கள் ஊரில் குழிக்கு 40 ரூபாய் வாடகை, ஆள் வைத்தால் 60 ரூபாய். வாடகைக்கு ஓட்டினால் கடன் அடைந்துவிடும் என்று நினைக்கிறேன். எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: எதை வாங்குவது என்பதற்கு முன், உங்களுக்கு எத்தனை குழி வேண்டும் என்று பார்த்துவிடுவோம். நெருக்க நடவில் 5 மீட்டருக்கு 4 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு சுமார் 200 கன்று. உங்கள் 1.5 ஏக்கருக்கு 300 குழி. 4 ஏக்கரைச் சுற்றி எட்டடிக்கு ஒரு கல் நட்டால் ஏறக்குறைய 200. ஆக 500 குழி. வாடகைக் கருவியை வைத்து முடித்தால் 20,000 ரூபாயில் வேலை முடிந்தது. ஆள் வைத்தாலும் 30,000 தான். இதற்காக மட்டும் 1,10,000 ரூபாய் போடுவதில் அர்த்தமில்லை. அதனால் உங்கள் முடிவு முழுக்க வாடகை வருமானத்தை நம்பித்தான் நிற்கிறது.

அந்த 40 ரூபாயில் உங்கள் கையில் நிற்பது எவ்வளவு? மணிக்கு 4 லிட்டர் டீசல், 25 குழி என்று வைத்துக்கொள்வோம். டீசல் லிட்டர் 93 ரூபாய் என்றால் குழிக்கு 15 ரூபாய் போகிறது. ஓட்டுபவருக்கும் உதவியாளுக்கும் சேர்த்து நாளுக்கு 1,400 ரூபாய், நாளுக்கு 150 குழி என்றால் இன்னொரு 9 ரூபாய். நீங்களே ஓட்டினாலும் உங்கள் கூலியைக் கணக்கில் சேருங்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். பிளேடு தேய்மானம், போல்ட், ஆயில் என்று 3, 4 ரூபாய். மிச்சம் 12 ரூபாய். இது என் உத்தேசக் கணக்கு, உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். குழிக்கு 12 ரூபாய் நின்றால், 1,10,000 ரூபாயை எடுக்க 9,200 குழி போட வேண்டும். நெருக்க நடவாக இருந்தால் 46 ஏக்கர். பழைய முறைப்படி 7 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 80 மரம் வைப்பவர்களிடம் போனால் 115 ஏக்கர்.

உழவு ஓட்டுபவருக்கு ஒரே வாடிக்கையாளர் ஒவ்வொரு பட்டத்துக்கும் திரும்ப வருவார். முந்திரியோ பலாவோ நட்டவர் மறுபடி குழிக்கு வர இருபது முப்பது வருஷம் ஆகும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தபோது நம் மாவட்டத்தில் சாய்ந்த முந்திரியையும் பலாவையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு நட்ட தோப்புகள் இப்போது காய்ப்பில் இருக்கின்றன. அங்கே இன்றைக்கு யாருக்கும் குழி தேவைப்படாது. எனவே உங்கள் ஊரை மட்டும் நம்பாமல் காடாம்புலியூர், முத்தாண்டிக்குப்பம், குறிஞ்சிப்பாடி வரை போக வேண்டியிருக்கும். போக வர டீசல் செலவு மேலே சொன்னதில் சேரவில்லை. கோடையில் செம்மண் இறுகிக் கிடக்கும், ஐப்பசி மழையில் டிராக்டர் தோப்புக்குள் இறங்காது. வேலை கிடைக்கும் நாட்கள் குறைவு.

அடுத்து அந்தக் கடன். 12 சதவீதம் என்று அவர் சொல்வது நிலையான வட்டியா, குறையும் அசலுக்கான வட்டியா என்று அவசியம் கேளுங்கள். நிலையான வட்டி என்றால் 80,000-க்கு இரண்டு வருஷத்தில் 19,200 வட்டி. மாதத் தவணை சுமார் 4,133. நீங்கள் மாதாமாதம் அசலை அடைத்துக்கொண்டே வந்தாலும் முழு 80,000-க்கும் வட்டி போடுகிறார்கள். உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கு மேல் வந்துவிடுகிறது. குறையும் அசலுக்கு அதே 12 சதவீதம் என்றால் மொத்த வட்டி 10,400 அளவில் நிற்கும். நிலையான வட்டி என்றால் அந்த 4,133 ரூபாய்த் தவணைக்கு மட்டும் மாதம் 345 குழி வேண்டும், வேலையே இல்லாத மழை மாதத்திலும். டிராக்டர் கடன் ஓடும்போது இந்தச் சுமையை ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கிசான் கிரெடிட் கார்டு பயிர்க்கடனை எடுத்து இதில் போடும் எண்ணமும் வேண்டாம். நாள் தவறாமல் கட்டினால் 4 சதவீதத்தில் கிடைக்கும் அந்தப் பணம், பயிருக்கு அவசரம் வரும்போது உங்களிடம் இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, மானியம். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை உண்டு, அரசு வைக்கும் உச்சவரம்புக்குள். 5 ஏக்கருக்குக் குறைவாக நிலம் இருப்பதால் நீங்கள் சிறு விவசாயிதான். சிறு, குறு விவசாயி சான்றைத் தாலுகா அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு, சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தோடு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்குப் போங்கள். இந்த ஆண்டுப் பட்டியலில் எந்த நிறுவனத்தின் எந்த மாடல் இருக்கிறது என்று கேளுங்கள். ஒப்புதல் வருவதற்கு முன் பில் போட்டுவிடாதீர்கள், மானியம் கைநழுவிவிடும். முழு மானியமும் கிடைத்தால் புதுக்கருவியே 55,000 ரூபாய்க்கு வந்துவிடும், அதாவது அந்தப் பழைய கருவியின் விலைக்கே. முதலில் முழுத்தொகையையும் நீங்களே கட்ட வேண்டியிருக்கலாம், மானியம் பிறகுதான் கணக்கில் ஏறும். அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பழையதைப் பார்த்தே தீருவேன் என்றால், ஆகரை, அதாவது மண்ணைத் துளைக்கும் திருகை, கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அதிகம் ஆடினால் கியர் பாக்ஸ் தேய்ந்திருக்கிறது. ஷியர் போல்ட் இருக்கும் இடத்தைக் கட்டாயம் பாருங்கள். கல்லிலோ வேரிலோ மாட்டினால் அந்த போல்ட் முதலில் உடைந்து கியர் பாக்ஸைக் காப்பாற்ற வேண்டும். அடிக்கடி உடைகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போட்டு ஓட்டியிருந்தால் அந்தக் கருவி வேண்டாம். பழைய முந்திரி வேர் கிடக்கும் நிலத்தில் உங்களுக்கும் இது அடிக்கடி நடக்கும். ஆகர் அளவில் ஆசைப்பட வேண்டாம்: கன்றுக்கு 45 சென்டிமீட்டர் குழி என்றால் 18 அங்குலம், வேலிக்கல்லுக்கு 9 அங்குலம், இரண்டு போதும்.

என் யோசனை இதுதான். இந்த முறை உங்கள் 500 குழியை வாடகைக்கே எடுத்துவிடுங்கள். மானியத்துக்கு இப்போதே பதிந்து வையுங்கள். அதற்குள் சுற்றுவட்டாரத்தில் யார் யார் நடவும் வேலியும் போடப் போகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, முடிந்தால் கொஞ்சம் முன்பணமும் வாங்குங்கள். ஒரு பட்டத்துக்கு 2,500 குழியாவது அந்த நோட்டில் ஏறி, மானிய ஒப்புதலும் வந்தால் வாங்கலாம். 1,500-ஐத் தாண்டவில்லை என்றால், மானியமே கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். அந்த 30,000 ரூபாயை டிராக்டர் கடனில் கட்டுங்கள்.

வாடகையோ சொந்தமோ, டிராக்டரிலிருந்து கருவிக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டுக்கு மேல் மூடி இல்லாமல் ஓட்ட விடாதீர்கள். வேட்டி, துண்டோடு யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. மண் இறங்கவில்லை என்று கருவி மேல் ஆளை ஏற்றி அழுத்துவதையும் தடுத்துவிடுங்கள்.