ரப்பர் எமல்ஷன் இரண்டே நாளில் திரிகிறது, சோப்பைக் கூட்டலாமா?

பாலிஐசோப்ரீன் என்கிற செயற்கை ரப்பரைக் கரைத்துச் செய்யும் எமல்ஷன், அதாவது ரப்பர் துகள்கள் தண்ணீரில் மிதக்கும் பால், திரிகிறது, சோப்பைக் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டாதீர்கள். முதலில் தண்ணீரைப் பாருங்கள். நீங்கள் போர் தண்ணீர்தான் ஊற்றுவீர்கள், நானும் அதைத்தான் ஊற்றினேன்.

எனக்கு ஊர் குலசேகரம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர், அவரேதான் பால் வெட்டுவார். மரத்துப் பாலில் அமோனியா விட்டால் நிற்கும், ஏனென்றால் ஒவ்வொரு துகளையும் சுற்றி மரமே புரதமும் கொழுப்பும் பூசி அனுப்புகிறது. பாலிஐசோப்ரீனுக்கு அது கிடையாது. அதைச் செய்யும் கேட்டலிஸ்ட் (வினையூக்கி) தண்ணீர் பட்டால் செத்துவிடும், அதனால் ரப்பரை ஹெக்சேன் என்ற கரைப்பானில் கரைத்து, சோப்புத் தண்ணீரோடு அடித்து, அப்புறம் ஹெக்சேனை ஆவியாக்கி ஓட்டுகிறோம்.

வாளையாறு பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் இதைச் செய்தேன். ராத்திரி வெள்ளை வெளேரென்று இருக்கும், காலையில் டிரம் மூடியைத் திறந்தால் மேலே ஏடு கட்டியிருக்கும், விரலால் தொட்டால் நூல் நூலாக வரும். சூப்பர்வைசர் சொன்னபடி சோப்பைக் கூட்டினால், ஹெக்சேன் ஓட்டும்போது நுரை பொங்கி கண்டென்சர் வரை ஏறியது. பதினொரு நாள் இப்படியே போனது. கடைசியில் கை கழுவும்போதுதான் கவனித்தேன், அந்தத் தண்ணீரில் குளிக்கிற சோப்பே நுரைக்கவில்லை. தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் நாம் போடும் சோப்பான பொட்டாசியம் ஒலியேட்டைப் பிடித்துக் கரையாத கசடாக்கிவிடும். ஆர்ஓ தண்ணீர் வாங்கினேன். ஒலியிக் அமிலத்தை ரப்பர் கரைசலிலும் காஸ்டிக் பொட்டாஷ் என்ற காரத்தைத் தண்ணீரிலும் தனித்தனியாகப் போட்டேன், இரண்டும் தொடும் இடத்திலேயே சோப்பு உண்டாகும். பிஹெச் 10-க்குக் கீழே இறங்க விடவில்லை. நின்றது.

ஹெக்சேனை ஓட்டுவதற்கு முன் ஒரு சொட்டை டம்ளர் தண்ணீரில் விடுங்கள். பால் மாதிரி பரவினால் சரி. பரவாமல் உருண்டையாகவே நின்றால் இன்னும் தண்ணீர்தான் ரப்பர் கரைசலுக்குள் இருக்கிறது, ஓட்டாதீர்கள். ஹெக்சேன் ஆவி தீப்பிடிக்கும், அதனால் ஃப்ளேம்ப்ரூஃப் (தீப்பொறி வெளியே வராத) இல்லாத மோட்டார் எதுவும் பக்கத்தில் ஓடக் கூடாது.

துகள் அளவைப் பற்றி ஏன் பேசவில்லை என்று யாராவது கேட்கலாம். ஒரு மைக்ரானுக்குள் இருப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கெட்ட தண்ணீரில் எவ்வளவு வேகமாக அடித்தாலும் திரியத்தான் செய்யும்.

இன்னொன்று. ரப்பர்க்காரன் மகன் செயற்கை ரப்பர் வேலைக்குப் போகலாமா என்று ஊரில் கேட்கிறார்கள். அப்பா கொண்டுபோகும் பாலில் மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை முக்கிவிட்டு டிஆர்சியை, அதாவது பாலில் உள்ள உலர்ந்த ரப்பரின் சதவீதத்தை, குறைத்து எழுதுகிற வியாபாரியை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. அதே பாலை உறையவைத்து, உலர்த்தி, எடைபோட்டுக் காட்டினேன், 36 வந்தது. அவர் எழுதியது 33. இன்றைக்கும் 33-தான் எழுதுகிறார்.