சல்யூட்டேஷன் கட்டத்தில் என்ன எழுதுவது?

கேள்வி: பி.காம் முடித்துவிட்டு, ராயபுரம் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலைக்கு ஃபாரம் நிரப்பினேன். அதில் 'சல்யூட்டேஷன்' என்று ஒரு கட்டம். 'குட் மார்னிங் சார்' என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்துச் சிரித்தார். கூனிக்குறுகிப் போனேன். அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அவர் சிரித்தது தப்பு, தங்கச்சி. சல்யூட்டேஷன் என்றால் முறைப்படி வணக்கம் சொல்வதுதான். வார்த்தையின் அர்த்தப்படி நீங்கள் எழுதியது சரி.

லத்தீனில் 'சலூஸ்' என்றால் உடல்நலம், பாதுகாப்பு. அதிலிருந்து 'சலூத்தாரே', அதாவது நலமாயிரு என்று வாழ்த்துவது. பிரெஞ்சு வழியாக 14-ம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. போலீஸ்காரர் அடிக்கும் சல்யூட்டுக்கும் இதே வேர்தான். பழைய ரோமாபுரியில் பொழுது விடிந்ததும், பெரிய மனிதர்களை அண்டிப் பிழைத்தவர்கள் அவர்கள் வீட்டுக்குப் போய் வணக்கம் சொல்வார்கள். சாப்பாடோ காசோ கிடைக்கும். அந்த வழக்கத்துக்குப் பெயரே 'சலூத்தாத்தியோ'. உங்கள் குட் மார்னிங்குக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, பாருங்கள்!

ரோமானியர்கள் கடிதத்தையும் நலம் விசாரித்துத்தான் தொடங்கினார்கள். 'நீ நலமென்றால் நல்லது, நான் நலம்' என்பது அவர்களுடைய வழக்கமான முதல் வரி. நம் வீட்டுப் பெரியவர்கள் இன்லேண்டு லெட்டரில் எழுதிய 'நலம், நலமறிய ஆவல்' அப்படியே அங்கேயும் இருந்திருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும். (மண்ணடியில் தினமும் கேட்கிற 'சலாம்' வேறு குடும்பம். அது அரபி, அமைதி என்று பொருள்.)

சரி, ஃபாரத்துக்கு வருவோம். கடிதத்தில் 'டியர் மிஸ்டர் இன்னார்' என்று கூப்பிடும் வரிக்கு ஆங்கிலத்தில் சல்யூட்டேஷன் என்று பெயர். ஃபாரத்தில் அதே பெயரை வைத்து, அந்த வரியில் உங்கள் பெயருக்கு முன்னால் மிஸ்டரா, மிஸஸா, எதைப் போடுவது என்று கேட்கிறார்கள். நீங்கள் 'எம்', 'எஸ்' என்ற இரண்டு எழுத்தை மட்டும் எழுதினால் போதும். கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

அப்புறம், வேலைக்குக் கடிதம் எழுதினால் ஒன்றைக் கவனியுங்கள். வாங்குபவர் பெயர் தெரியாவிட்டால் 'டியர் சார் ஆர் மேடம்' என்று தொடங்கி 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடிப்பது பழைய பிரிட்டிஷ் முறை. பெயர் தெரிந்தால் முடிவில் 'யுவர்ஸ் சின்சியர்லி'. பெயரில் இனிஷியல் இருந்தால் அதை விரித்து எழுதிவிடாதீர்கள், அது பெரும்பாலும் அவருடைய அப்பா பெயராக இருக்கும். அவர் பெயரை மட்டும் போடுங்கள்.

அந்த ஆபீஸுக்கே திரும்பப் போய், ஒரு கட்டத்தைத் திருத்தித் தரலாமா என்று கேளுங்கள். இதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.